பழைய கார், பழுதான பிரேக், நழுவும் விற்பனையகம்: ஒரு கோவை அனுபவம்

கோயம்புத்தூரில் பழைய கார்களை வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றிடம், 2018-இல் பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை 4.25 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினோம். அந்தக் காரின் பிரேக் பழுதாக இருந்ததையும், அதைச் சுட்டிக்காட்டிய பிறகு அந்நிறுவனம் நடந்துகொண்ட விதத்தையும் பற்றியது இந்த மதிப்புரை. எங்கள் கோரிக்கையில் ஒரு பகுதி இன்னும் தீராமல் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். காகித வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் அவர்களே நிரப்பி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்த்தார்கள், முந்தைய கடனுக்கான வங்கியின் தடையின்மைச் சான்று தயாராக இருந்தது, ஆர்.சி. பெயர் மாற்றமும் காப்பீட்டு மாற்றமும் அலைச்சல் இல்லாமல் முடிந்தன. வெளிப்பூச்சு பளபளத்தது, இருக்கைகள் கழுவப்பட்டிருந்தன, ஏசி நன்றாகவே குளிர்ந்தது. காரோடு ஒரு பரிசோதனை அறிக்கையும் கொடுத்தார்கள். பல பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையில் பிரேக் என்ற தலைப்பின் கீழ் இருந்த எல்லாக் கட்டங்களிலும் பச்சை நிற டிக் போடப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பரிசோதகரின் கையொப்பமும் இருந்தது.

ஊருக்குள், சமதளத்தில், மெதுவாக ஓட்டும்வரை குறை எதுவும் வெளிப்படவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும்போதுதான் தெரிந்தது. ஒரு வளைவுக்கு முன் மிதித்த பிரேக் முதலில் பிடித்தது. ஆனால் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தபோது மிதி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. விட்டு விட்டு மிதித்தால் மேலே வந்தது, அழுத்திப் பிடித்தால் மறுபடியும் இறங்கியது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டினேன். அங்கிருந்து மேட்டுப்பாளையத்திலுள்ள ஒர்க்‌ஷாப் வரை மீட்பு வண்டியில்தான் கார் வந்தது.

அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் காட்டியதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனையகத்தோடு நடந்த வாக்குவாதம் முழுவதும் இதைச் சுற்றித்தான். மிதி இவ்வளவு இறங்கியும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை. எங்காவது கசிந்து வெளியே சொட்டியிருந்தால் அளவு குறைந்திருக்கும். குறையாததற்குக் காரணம், மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் ஆயிலைத் திரும்ப டப்பாவுக்கே விட்டுக்கொண்டிருந்ததுதான். அதனால் பானெட்டைத் திறந்து டப்பாவை எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அடுத்து முன் சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கை அளந்தார். டிஸ்க்கின் விளிம்பிலேயே குறைந்தபட்சத் தடிமன் 18 மில்லிமீட்டர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அளவுகோல் 17-க்கும் கீழே காட்டியது.

எனக்கு அதிகமாகக் கோபம் வந்த இடம் வேறு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே பேட் தேய்ந்த காரில் ஆயில் அளவு தாழ்ந்திருப்பதுதான் இயல்பு. எங்கள் காரில் பேட் இரண்டு மில்லிமீட்டர்கூட மிஞ்சவில்லை, டப்பாவோ மேல்கோடு வரை நிரம்பியிருந்தது. யாரோ மூடியைத் திறந்து, அளவு தாழ்ந்திருப்பதைக் கண்டு, ஏன் தாழ்ந்தது என்று பார்க்காமல் மேலே ஊற்றி மூடியிருக்கிறார்கள். அடியில் இருந்த பழைய ஆயில் கறுத்துப்போயிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற தரத்துப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று கேட்கும் தர விதி, ஈரம் ஊறிய நிலைக்கு 155 டிகிரியைத்தான் கேட்கிறது. ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது என்பதால், மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

விற்பனையகத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, காரை விற்ற இளைஞர், "செகண்ட்ஹேண்ட் வண்டிங்க சார், பிரேக் கொஞ்சம் அப்படித்தானுங்க இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான் போலும். நேரில் சென்றபோது மேலாளர் கூறியவை வேறு தரம். வாரண்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டுமே என்றார். பேடும் லைனிங்கும் தேயும் பொருள்கள், அவற்றுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றார். அது நியாயமான வாதம்தான். பேடுக்காக மட்டும் நான் அங்கே போய் நின்றிருக்கமாட்டேன். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் உடைந்ததையும், குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போன டிஸ்க்கையும் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்ததற்கு என்ன பதில் என்று கேட்டபோது, 'உள்ளது உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்' என்ற வரியின் கீழ் நான் போட்ட கையொப்பத்தைக் காட்டினார். கடைசியில், தாங்கள் நடுவில் இருப்பவர்கள் மட்டுமே, கேட்க வேண்டியதை முன்னாள் உரிமையாளரிடம் கேளுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்.

அந்தக் கடைசி வாதம் சட்டப்படி நிற்காது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் திருத்தப்படி, பதிவுபெற்ற வாகனங்களை வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். காரை ஒப்படைத்ததாக முன்னாள் உரிமையாளர் தெரிவித்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை அந்த விற்பனையாளரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் தெளிவாக இருக்கிறது: பொருளின் குறைபாடு என்பதற்கு அது தரும் விளக்கத்தில், வணிகர் எந்த வகையில் உறுதியளித்திருந்தாலும் அந்தத் தரத்துக்குக் குறைந்திருப்பதும் அடங்கும். பச்சை டிக் போட்ட அந்த அறிக்கைதான் அவர்கள் அளித்த உறுதி. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதி, மெக்கானிக்கின் பில்லையும், அளவுகோலை டிஸ்க்கில் வைத்தபடி எடுத்த படங்களையும் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகாரைப் பதிவு செய்தேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு தொனி மாறியது. முதலில் பேடுகளை இலவசமாக மாற்றித் தருவதாகவும், அதற்குப் பதிலாக இனிப் புகார் ஏதும் இல்லை என்று எழுதித் தரும்படியும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அதன்பின் மாஸ்டர் சிலிண்டர், இரு டிஸ்க்குகள், பேடுகள், ஆயில் முழுவதையும் மாற்றியதற்கான பில் தொகையை வங்கிக் கணக்கில் செலுத்தினார்கள். கார் இப்போது நன்றாக நிற்கிறது. நல்ல காரைத்தான் விற்றிருக்கிறார்கள், பிரேக்கைத் தவிர.

ஆகவே ஆவண வேலைக்கு ஐந்துக்கு நான்கும், பரிசோதனைக்குச் சுழியமும், குறைதீர்ப்புக்கு ஒன்றும் தருகிறேன். அந்த ஒன்றும் பணம் வந்ததற்காக மட்டுமே. இவர்களிடமோ இவர்களைப் போன்றவர்களிடமோ வாங்கப் போகிறவர்கள், அறிக்கையைப் புரட்டுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை ஒரே அழுத்தாக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பிரேக்கை மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், அந்த நொடியில் மிதி சற்றே இறங்குவது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் அந்தக் காரை விட்டுவிடலாம். சாவியைத் திருப்பியதும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

மீட்பு வண்டிச் செலவை அவர்கள் இன்னும் தரவில்லை. பரிசோதனை அறிக்கை தவறானது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் மறுக்கிறார்கள். இந்த இரண்டுக்காகவும் மாவட்ட ஆணையத்துக்கான மனு தயாராகிறது.