35 வருடமாகத் துப்பறியும் கதை: வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு

என் பள்ளித் தோழிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இனிமேல் படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே போன் செய்துவிட்டாள். "ஏன்டி, நீ எப்பப் பார்த்தாலும் கொலைக் கதையா படிச்சிக்கிட்டு இருப்பியே, அதுல ஒரு பத்து புஸ்தகம் வாங்கலாம்னு இருக்கேன். வாங்கலாமா? இல்ல, ஒரு தடவ படிச்சா அப்புறம் பழைய பேப்பருக்குத்தானா?" அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சரியாகச் சொல்லவில்லையே என்று அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் மருந்தாளுநர். மதுரையில் ஒரு மெடிக்கலில் வேலை. மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை கூட்டம் இருக்காது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நேரத்தில் படித்ததுதான் என் வாசிப்பில் முக்கால்வாசி. பேய்க் கதை, உளவாளிக் கதை கையில் கிடைத்தால் படிப்பேன், தேடிப் போக மாட்டேன். கொன்றது யார் என்று கடைசிவரை தெரியாத கதைக்கு மட்டும் எங்கே என்றாலும் போவேன்.

இது ஆரம்பித்தது ஒன்பதாம் வகுப்பில், மாமா வீட்டுப் பரணில். சுஜாதாவின் 'நைலான் கயிறு'. 1968-ல் குமுதத்தில் தொடராக வந்தது, வக்கீல் கணேஷ் அறிமுகமான கதை. மாமா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். கடைசி இரண்டு வாரத்துப் பக்கங்கள் மட்டும் அதில் இல்லை. எங்கே போயின என்று அவருக்கும் தெரியவில்லை. முடிவு அவருக்கு நினைவிருந்தது, ஆனால் எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. "நீயே படிச்சாத்தான் உண்டு. நான் வாயால சொன்னா கதை செத்துப்போயிடும்" என்றார். முழுப் புத்தகம் கையில் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் இருந்த பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் மேல் சந்தேகம் வரும். ஆள் மாறியதும், போன தடவை சாதாரணமாகக் கடந்துபோன வரி இப்போது பயமுறுத்தும். கதை படிப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது அந்தக் கிழிந்த பைண்டிங்கில்தான்.

இந்த வகைக் கதையில் எனக்குப் பிடித்தது கொலை இல்லை. அதில் இருக்கும் நேர்மை. துப்பறிபவர் பார்த்ததையெல்லாம் நமக்கும் காட்டியாக வேண்டும். எல்லாம் நம் கண் முன்னால்தான் இருக்கும், நாம்தான் பார்க்காமல் போயிருப்போம். 1930-ல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் சேர உறுதிமொழி எடுக்க வேண்டும்: தெய்வ வாக்கு, தற்செயல் போன்றவற்றை வைத்துத் துப்புத் துலக்க மாட்டேன், முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன். வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதற்குள்ளேயே நின்று அவரை ஏமாற்ற வேண்டும். இதைவிடக் கஷ்டமான எழுத்து வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் தொழிலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்ச் சமயத்தில் டார்கி என்ற ஊரில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். மருந்து கலந்து கொடுத்தபடியே யோசித்த கதைதான் 1920-ல் வந்த அவருடைய முதல் நாவல். விஷத்தைப் பற்றி விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று மருந்தாளுநர்களின் பத்திரிகையே அதைப் பாராட்டியது. அவருடைய இன்னொரு நாவலால் ஒரு குழந்தையே பிழைத்தது. 1977-ல் கத்தாரிலிருந்து ஒரு கைக்குழந்தையை லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலை அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், குழந்தையின் முடி கொட்டுவதைப் பார்த்துவிட்டு, தாலியம் விஷமாக இருக்கலாம் என்றார். சோதித்தால் அதேதான். குழந்தை தேறியது. நாவலின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்காதவர்களுக்கு அது போய்விடும்.

அதனாலேயே, நம் ஊர் மாத நாவல்களில் "மணமில்லாத, சுவையில்லாத, ஒரே நொடியில் உயிரைக் குடிக்கும்" விஷம் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அப்படி ஒரு சரக்கு எந்த அலமாரியிலும் இல்லை. ஆனால் அதற்காக மாத நாவல்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராஜேஷ்குமார் இரண்டு கதைகளைத் தனித்தனியாக ஓட விடுவார். ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்த அத்தியாயம் வேறு ஊரில் வேறு ஆட்களோடு. இரண்டும் எங்கே போய் முட்டும் என்று யோசித்துக்கொண்டே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் திருச்சி வருவதற்குள் முட்டிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவு நல்லதும் உண்மை. இனி, பல வருடமாக என்னை விடாமல் துரத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும்.

கல்யாணமான புதிதில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. டெபாசிட் கட்டிவிட்டால் போதும், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. முதல் வாரம் எடுத்துவந்த நாவலின் 14-ஆம் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் முதல் தடவையாக வருகிறார். அவர் பெயருக்கு அடியில் பென்சிலால் கோடு. ஓரத்தில் "இவன்தான்" என்று எழுதியிருந்தது. மீதி 200 பக்கத்தையும் நான் படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கோடுதான் தெரிந்தது. உண்மையிலேயே அவர்தான் கொலையாளி.

அதற்கப்புறம் எத்தனையோ பார்த்துவிட்டேன். கடைசி அத்தியாயத்துக் காட்சியை அப்படியே படமாகப் போட்ட அட்டை. முன்னுரையிலேயே, தான் கண்டுபிடித்த நுட்பத்தை விளக்குகிறேன் என்று ஆளைக் காட்டிக்கொடுத்தவர். "நல்ல கதைங்க, அந்தத் தம்பி பொண்டாட்டிதான் செஞ்சிருப்பான்னு நான் நினைக்கவே இல்ல" என்று பாராட்டிக்கொண்டே முடித்துவைத்தவர். இவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எனக்கும் தெரியும். படித்த சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் அவர்களுக்குக் கிடைத்ததே யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தானே? லண்டனில் 1952 முதல், கொரோனாக் காலத்தில் மூடியது தவிர, விடாமல் நடந்துவரும் 'மவுஸ்டிராப்' நாடகத்தில், ஒவ்வொரு தடவையும் நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். எதிரே இருப்பவர்களெல்லாம் முன்பின் தெரியாதவர்கள். அவர்களை நம்பி இத்தனை வருடமாகக் கேட்கிறார்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால் மறுபக்கமும் இருக்கிறது. 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இதை ஆராய்ந்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு சிறுகதையைப் படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களைவிட அதை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். மர்மக் கதைகளிலும் அப்படித்தானாம். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ரசித்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கங்களில் நின்று சந்தேகப்பட்டு, தவறான ஆள்மேல் பழி போட்டு, பிறகு வெட்கப்படும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லையே. அதை எந்த மதிப்பெண்ணில் அளந்தார்கள்?

ஆனாலும் ஆராய்ச்சி முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1926-ல் வந்த கிறிஸ்டியின் ஒரு நாவல், இதற்கும் பெயர் வேண்டாம். முடிவை யாரோ சொல்லிவிட்டதால் பல வருடம் தொடாமலே இருந்தேன். 40 வயதுக்கு மேல், போனால் போகிறது என்று எடுத்தேன். அப்படி ஒரு வாசிப்பு எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. எல்லாம் வெட்டவெளிச்சமாக எழுதியிருக்கிறது. தெரியாமல் படித்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன் என்று ஒவ்வொரு பத்தியிலும் புரிந்தது. கடை மூடும் நேரம் தாண்டியும் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தத் துப்பறியும் நாவலை முடித்தாலும், முதல் அத்தியாயத்துக்குத் திரும்பப் போய் 20 பக்கமாவது படிப்பேன். பெரும்பாலும் முதல் தடவையைவிட அதுதான் இனிக்கிறது. பழைய பேப்பருக்குத்தானா என்று தோழி கேட்டாளே, அதற்குப் பதில் இது. இரண்டாம் வாசிப்பில் நிற்காத கதை நல்ல துப்பறியும் கதையே இல்லை.

வாடகை நூலகத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்தில் ஓரிடம் மட்டும் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்து தெரியும் அளவுக்கு இருந்தது. எனக்கு முன்னால் படித்த யாரோ, பென்சிலில் எழுதியிருந்த பெயரைப் பொறுமையாக ரப்பரால் அழித்திருக்கிறார். தனக்குப் போனது போனாலும் அடுத்தவருக்குப் போகக் கூடாது என்று. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு ரப்பர் இருக்கிறது. அந்த நூலகம் மூடுவதற்குள் எத்தனையோ புத்தகங்களில் நானும் அழித்திருக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது, தாராளமாக வாங்கு என்று முடிப்பதாகத்தான் இருந்தேன். நேற்று மதியம் அது மாறிவிட்டது. ஜப்பானில் 1946-ல் தொடராக வந்த ஒரு நாவலின் மொழிபெயர்ப்பை ஆறு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பனி பெய்த இரவு, உள்ளே பூட்டிய வீடு, கல்யாணமான அன்றே மணமக்கள் சாவு. பொங்கல் விடுமுறைக்கென்று ஒதுக்கியது. பொறுக்க முடியாமல் நேற்றே எடுத்து 30 பக்கம் போயிருப்பேன். ஆர்டர் எடுக்க வந்த மருந்துக் கம்பெனி ரெப் அட்டையைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "மேடம், இது நான் படிச்சிருக்கேன்" என்றார். நான் கையைத் தூக்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். யார், எப்படி, கதவு எப்படிப் பூட்டியது, எல்லாம். ஆர்டர் எழுதிக் கொடுத்தேன். அவர் போனபிறகு புத்தகத்தை மூடி, பாராசிட்டமால் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

முடிவு தெரிந்தாலும் சுகம் உண்டு என்று மேலே நானேதான் எழுதியிருக்கிறேன். அதை மாற்றப்போவதில்லை. இரண்டாம் வாசிப்பின் சுகம் பெரியதுதான். ஆனால் முதல் வாசிப்பு ஒரு தடவைதான் வரும். நேற்று மதியம் என்னுடைய ஒன்று போய்விட்டது. அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தாலும் இன்றைக்கு எனக்கு வேண்டாம்.

அதனால் தோழியிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். "வாங்காதடி. பத்து புஸ்தகத்தை வரிசையா அடுக்கி வச்சா வீட்டுக்கு வர்றவங்கல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து, அவன்தானே இவள்தானேன்னு சொல்லிட்டுப் போவாங்க. உனக்கு அது தாங்காது."

"அப்ப நான் என்னதான் படிக்கிறது?" என்றாள்.

என்னிடம் இருந்த தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைக் கூரியரில் போட்டிருக்கிறேன். பாங்கு குமாஸ்தா சாம்பு எதையும் துப்பறிவதில்லை, அவருக்கு எல்லாம் தானாக வந்து மாட்டும். அதில் எந்தக் கதையின் முடிவை யார் வந்து சொன்னாலும் அவளுக்கு ஒன்றும் குறையாது. எழுத்து கொஞ்சம் பெரியது, கண்ணுக்கும் நல்லது. வியாழக்கிழமை போய்ச் சேரும் என்றார்கள்.