வாளித் தண்ணீர் தெறிக்கும் அறைக்கு எந்த அலமாரி?

குளியலறை அலமாரி செய்யும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எம்.டி.எஃப் என்ற மரநார்ப் பலகையை அறுத்து, ஒட்டி, சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்து, காய்ந்த தரையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அவர்கள் குளிப்பது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். நம் வீட்டிலோ வாளியும் குவளையும்தான்; ஒருவர் குளித்து முடித்தால் அறை முழுவதும் குளித்திருக்கும். போதாததற்கு வாரம் ஒரு முறை பினாயில் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுகிறோம். சுவரில் மாட்டாமல் தரையில் தனியாக நிற்கும் அலமாரிக்கு எந்தப் பலகை, எந்தப் பெயின்ட் என்ற கேள்வியை இந்த ஈரத் தரையில் நின்றுதான் கேட்க வேண்டும்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு நான் செய்த முதல் அலமாரி இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம், 14 அங்குல ஆழம். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்பில், எட்டுக்கு நான்கு ஷீட்டில் பாதிக்குச் சற்று அதிகமாகப் பிடித்தது. முதுகுக்கு 6 மில்லிமீட்டர் பலகை. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு பெயின்ட் அடித்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் அடிப்பக்கம் ஊறி, 18 மில்லிமீட்டர் பலகை 24-ஐத் தொட்டிருந்தது. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தரையைத் தொடும் விளிம்பில் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட இல்லை.

எம்.டி.எஃப் என்பது மரத்தை நாராக்கி, பிசின் கலந்து, சூட்டில் அழுத்திய பலகை. அதன் முகம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அறுத்த விளிம்போ தண்ணீரைக் கண்டால் பஞ்சுபோல் குடிக்கும். ஒருமுறை உப்பினால் வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஈரம் தாங்கும் வகை என்று கடையில் தனியாக ஒன்று கிடைக்கிறது. அதில் மெலமைன் சேர்த்த பிசின் இருக்கும். அடையாளத்துக்காகப் பல நிறுவனங்கள் உட்புறத்தில் பச்சைச் சாயம் கலக்கின்றன. ஆவியையும் ஈரக் காற்றையும் அது சமாளிக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரில் அதற்கும் அதே கதிதான், கொஞ்சம் தாமதமாக. எச்.டி.எச்.எம்.ஆர் என்று விற்கும் அடர்பலகை இதற்கு ஒரு படி மேல்; ஆனால் கனம் கூடுதல், அதை அறுத்தால் ரம்பத்தின் பல் சீக்கிரம் மழுங்கும்.

எதிர் அணியில் மரைன் பிளைவுட் இருக்கிறது. வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். பீனால் பிசினால் ஒட்டிய இந்தப் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, ஒட்டு விடுகிறதா என்று சோதிப்பார்கள். ஐ.எஸ். 303 முத்திரை உள்ளவை பொதுப் பயன்பாட்டுக்கானவை. ஈரத் தரையில் நிற்க மரைன் பிளைவுட்டைவிட நம்பகமான மரப்பலகை எனக்குத் தெரியாது. திருகு பிடிப்பதிலும் எம்.டி.எஃப் இதன் அருகில் வராது. எம்.டி.எஃப்பின் விளிம்பில் முன்துளை போடாமல் திருகினால் பலகை இரண்டாகப் பிளக்கும். பிளைவுட் அந்த அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது.

பெயின்ட் என்று வந்துவிட்டால் கதை தலைகீழ். பிளைவுட்டின் மேல்தாளில் மர ரேகை இருக்கிறது. மூன்று முறை பட்டி பார்த்துத் தேய்த்தாலும், ஓராண்டு வெயிலும் மழையும் பார்த்த பிறகு மயிரிழைக் கோடுகள் பெயின்ட்டுக்கு மேலே எழும். என் ஆசாரி இதனால்தான் பிளைவுட்டுக்குப் பெயின்ட் என்றாலே முகம் சுளித்து, "மைக்கா ஒட்டிவிடலாம் சார்" என்பார். மைக்கா என்று அவர் சொல்வது லேமினேட் ஷீட்டை. அவர் சொல்வது தவறில்லை. எம்.டி.எஃப்பில் ரேகையே கிடையாது. கண்ணாடிபோல் பெயின்ட் உட்காரும். கதவில் பள்ளம், வரிகள் செதுக்கவும் அதுதான் தோது.

மூன்றாவதாக டபிள்யூ.பி.சி (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்) அல்லது பி.வி.சி நுரைப்பலகை. தண்ணீருக்குப் பயமே இல்லை, தொட்டியில் போட்டாலும் ஊறாது. ஆனால் மலிவு வகையில் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும்; கீல் திருகுகள் இரண்டு ஆண்டில் ஆட ஆரம்பிக்கும். நீளமான தட்டு பாரத்தில் தொய்யும். வழவழப்பான பிளாஸ்டிக் முகத்தை உப்புத்தாளால் கீறாமல் பெயின்ட் அடித்தால் தோல்போல உரிந்து வரும். பெயின்ட் ஆசை இல்லாதவர்களுக்கு நல்ல பலகை, அவ்வளவுதான்.

பெயின்ட்டிலும் போட்டி உண்டு. வீட்டில் பிரஷ்ஷும் ரோலரும் மட்டும் வைத்திருப்பவருக்கு எண்ணெய் எனாமல்தான் எளிது. மலிவு, விளிம்பில் நன்றாக இறங்கும், தண்ணீரைத் தள்ளும். ஒரு கை பூச்சுக்கும் மறு கைக்கும் நடுவே ஓர் இரவு காத்திருக்க வேண்டும். வெள்ளை அடித்தால் இன்னொரு வம்பு: வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளாகும். அலமாரியின் வெளிப்புறம் வெள்ளையாகவும் உட்புறம் பழைய புத்தகத்தாள் நிறத்திலும் இருந்தால் குற்றவாளி எனாமல்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் மஞ்சளாகாது, நாற்றமும் குறைவு. ஆனால் அதை நேராக எம்.டி.எஃப்பில் பூசினால் நார் எழுந்து பரப்பு சொரசொரக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்று அன்றே ஷாம்பு பாட்டிலை வைத்தால், மறுநாள் பாட்டிலோடு பெயின்ட்டும் வரும். முழுதாக இறுக அதற்குச் சில வாரங்கள் வேண்டும்.

டூகோ என்று பெயின்டர்கள் சொல்வது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். நிமிடங்களில் காயும், தேய்த்தால் பளபளக்கும். மழைக்காலத்தில் அதை ஸ்ப்ரே செய்தால் ஈரக் காற்று படிந்து மேற்பரப்பு வெண்புகை மூடியதுபோல் வெளுக்கும். குளியலறையின் தண்ணீரும் சோப்பும் நாள்பட அதைச் சோதிக்கும். உறுதியில் முதலிடம் இரண்டு டப்பாவாக வரும் பி.யூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டுக்குத்தான். கடினப்படுத்தியைக் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். அந்தக் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை. துணி முகமூடியைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பால்கனியில் ஸ்ப்ரே செய்யும் வேலை இல்லை இது. பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது அலமாரிக்கு நான் எடுத்த முடிவு பாதிக்குப் பாதி. உடல், தட்டு, அடிப்பலகை மூன்றும் மரைன் பிளைவுட். அதன் வெளியில் வெள்ளை மைக்கா, விளிம்புகளில் 2 மில்லிமீட்டர் பி.வி.சி பட்டை. கண்ணில் படும் இரண்டு கதவுகள் மட்டும் ஈரம் தாங்கும் எம்.டி.எஃப், பெயின்ட்டோடு. முழுவதும் எம்.டி.எஃப்பே வேண்டும் என்பவரை நான் தடுக்கமாட்டேன். குளிக்கும் இடம் தனியாகத் தடுக்கப்பட்டிருந்தால் செலவும் குறையும், அழகும் கூடும். அப்படிச் செய்பவர் பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் ஆறு பக்கமும் பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒட்டு சேரும் இடங்களில் மட்டும் டேப் ஒட்டி விட்டுவைத்தால் போதும்.

கதவு வேலையில் பாதி நேரம் விளிம்புக்கே போயிற்று. 180 உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பிரைமரை விளிம்பில் மட்டும் மூன்று கை கொடுத்தேன். முதல் கை போன இடம் தெரியவில்லை, அவ்வளவும் உள்ளே. பிறகு மரப்பட்டியை மெலிதாக இழுத்து, காய்ந்ததும் 320 தாளால் நீவினேன். சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமென்ட் பட்டி மீந்திருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள தண்ணீர் நாரை எழுப்பும், காய்ந்த பட்டி செதில் செதிலாக உதிரும். எண்ணெய் பிரைமரின் மேல் அக்ரிலிக் எனாமல் இரண்டு கை, நுரை ரோலரால். அடியில் எண்ணெய் பிரைமர் இருந்ததால் நார் எழவில்லை; மேலே அக்ரிலிக் என்பதால் கதவு வெள்ளையும் மஞ்சளாகவில்லை. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறந்த தூசி மாவைவிட நுண்ணியது. மொட்டை மாடியில், நல்ல முகமூடியோடு செய்தேன். அப்படியும் மறுநாள் வரை தொண்டை கரகரத்தது.

கால்களுக்கு, சமையலறை அலமாரிக்குப் போடும் உயரம் திருகக்கூடிய பிளாஸ்டிக் கால்கள் நான்கு வாங்கினேன். அடிப்பலகை தரையிலிருந்து நான்கு அங்குலம் மேலே நிற்கிறது. துடைப்பம் தாராளமாக உள்ளே போகும். இத்தனையும் செய்துவிட்டு, முதுகுப் பலகையில் வடிகால் குழாய்க்காகக் கடைசி நேரத்தில் போட்ட துளையை மறந்துவிட்டேன். அந்த முதுகு பழைய வேலையில் மீந்த 6 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். துளையைச் சுற்றி இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்பியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிவிட்டு அங்கே மட்டும் பி.வி.சி பலகை போடப்போகிறேன்.