உலோக மாடல் காருக்கு லாக்கரா, அக்ரிலிக்கா, எனாமலா?

மைஸ்டோ நிறுவனத்தின் ‘அசெம்ப்ளி லைன்’ என்ற, நாமே பூட்டிச் சேர்க்கும் உலோக மாடல் கார் வரிசையில் வரும் 1:24 அளவு (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) ஃபோர்டு மஸ்டாங்கின் தொழிற்சாலைப் பூச்சை முழுவதும் நீக்கி, ஃபோர்டின் விம்பிள்டன் வெள்ளை நிறத்துக்கு மாற்றி முடித்திருக்கிறேன். அடித்தது லாக்கர், அதாவது கடும் கரைப்பானில் கரைந்திருந்து சீக்கிரம் உலரும் பெயின்ட். அடுத்த காருக்கும் அதையேதான் எடுப்பேன்.

வாடை, பாதுகாப்பு, கழுவும் வசதி என்று பார்த்தால் நீர் சார்ந்த அக்ரிலிக்தான் முந்தி நிற்கிறது. அதில் வாதாட எதுவும் இல்லை. பிளாஸ்டிக் மாடலுக்கு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். உலோகம் என்றவுடன் கணக்கு மாறிவிடுகிறது. காரணம், கதவு.

இந்த வகை கார்களில் கதவும் பானட்டும் திறந்து மூடும். 1:24 அளவில் 0.1 மி.மீ. பெயின்ட் என்பது நிஜக் காரில் 2.4 மி.மீ. தடிமனுக்குச் சமம். கதவின் விளிம்பில் ஒரு பூச்சு, அதற்கு எதிரே பாடியின் விளிம்பில் இன்னொரு பூச்சு என்றால் கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆகிவிடும். நிஜக் காரின் கதவு இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆக, பூச்சு சற்றுத் தடித்தாலும் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் விளிம்பு உரசும். அக்ரிலிக் படலம் மென்மையானது. உரசும் இடத்தில், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிடிப்புப் பூச்சான பிரைமரின் பிடி தளர்ந்தால், தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். லாக்கர் மெல்லியதாகப் படிகிறது, கெட்டியாக இறுகுகிறது. ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடுவதால், பெயர்ந்த இடத்தைச் சரிசெய்தாலும் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிவதில்லை.

எந்தப் பெயின்ட்டாக இருந்தாலும் அடித்தளத்தில் அவசரம் கூடாது. பாடி வார்க்கப்படுவது துத்தநாகக் கலவையில். அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியமும் உண்டு. பழைய பெயின்ட்டை நீக்கக் காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். அது இரண்டு உலோகங்களையும் அரித்துக் குழி விழச் செய்யும். பெயின்ட் ரிமூவரே போதும். பிறகு, அச்சில் வார்த்ததால் எழுந்து நிற்கும் வார்ப்புக் கோடுகளை அரத்தால் மழித்து, கதவு விளிம்புகளையும் சற்றே ராவிவிட வேண்டும். பூச்சுக்கான இடத்தை உலோகத்திலேயே ஒதுக்கிவிடுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சோப்புநீரில் கழுவி உலர்த்திய பின் விரல் படாமல், உலோகத்திலும் பிடிக்கும் தமியா நிறுவனத்தின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர். அதன் மேல் அதே நிறுவனத்தின் டிஎஸ்-7 ரேசிங் ஒயிட் லாக்கர் ஸ்பிரேயை மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். விம்பிள்டன் வெள்ளையின் பாலேட்டு நிறத்துக்கு அது நன்றாக நெருங்கி வருகிறது.

நுணுக்க வேலையிலும் லாக்கருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. கதவுக் கோடுகளில், எண்ணெய் சார்ந்து மெதுவாக உலரும் எனாமல் வகைக் கறுப்பு நீர்மத்தை ஓடவிட்டு, வழிந்ததை எனாமல் தின்னரால் துடைத்தாலும் அடியில் காய்ந்திருக்கும் லாக்கர் அசைவதில்லை.

எனாமலைப் பாடி முழுவதும் அடித்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. இருக்கைகளுக்கும் எஞ்சினுக்கும் தூரிகையால் பூசியதில், தூரிகைத் தடம் தெரியாமல் தானே சமன்படும் அதன் குணம் மிகவும் பிடித்திருக்கிறது. முழுதாக இறுகப் பல நாட்கள் ஆகும். அதற்குள் தூசி வந்து ஒட்டும். உலோகம் இளஞ்சூட்டைத் தாங்கும் என்பதால் பிளாஸ்டிக்கைவிட விரைவாக உலர்த்த முடியும். ஆனால் எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிப்போகும். முதலில் லாக்கர், அதன் மேல் எனாமல் என்ற வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

லாக்கரின் ஆவி கடுமையானது. கரிம ஆவிகளைத் தடுக்கும் முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் டப்பாவைத் தொடாதீர்கள். மழை நாட்களின் ஈரக்காற்றில் பூச்சு வெளுத்து மங்கும். வெயில் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், திறந்த மாடியும் இல்லை என்றால் தயங்காமல் அக்ரிலிக் பக்கம் போங்கள். கதவுகளை மட்டும் மூடிய நிலையிலேயே ஒட்டிவிடுங்கள்.