காந்தத்தை நம்பி ஏமாந்தோம்: பால்கனிக் கம்பியும் குழந்தையின் மிதவைச் சட்டையும்

பால்கனிக் கம்பத்தின் அடியில் இருந்த வட்ட மூடியைக் கத்தி முனையால் நெம்பித் தூக்கியபோது, உள்ளே இருந்த தகட்டில் நான்கு ஓட்டைகள் இருந்தன. இரண்டில்தான் போல்ட். மற்ற இரண்டும் வெறும் ஓட்டை. ஐந்து மாதமாக என் மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வேடிக்கை பார்த்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் யாராவது இப்போது பால்கனிக்கோ மாடிப்படிக்கோ எவர்சில்வர் கம்பி போடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது பழைய இரும்புக் கம்பி. பெயின்ட் உரிந்து, துரு கையில் ஒட்டும். மகள் நடக்க ஆரம்பித்ததும் அதை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். தெரிந்தவர் ஒருவர் மூலம் வெல்டிங் வேலை செய்பவர் வந்தார். நன்றாகப் பேசினார், நிதானமாக அளவெடுத்தார். மழை படும் இடம் என்பதால், எளிதில் துருப்பிடிக்காத எவர்சில்வரான 304 ரகம்தான் வேண்டும் என்று என் கணவர் கேட்டார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, கொண்டுவந்திருந்த மாதிரிக் குழாயில் வைத்தார். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. "பாத்தீங்களாக்கா, ஒட்டலை. ஒட்டாம இருந்தா அசல் 304. கண்ணால பாத்தாச்சு, இனி சந்தேகமே வேண்டாம்." நாங்களும் நம்பிவிட்டோம். கண் முன்னால் செய்து காட்டிய பிறகு மேலே என்ன கேட்பது என்றுதான் அப்போது தோன்றியது.

அந்தச் சோதனையால் எதுவுமே நிரூபணம் ஆகாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மலிவு ரகங்களான 201, 202 இரண்டிலும்கூடக் காந்தம் அநேகமாக ஒட்டாது. அவையும் 304-ம் ஒரே குடும்பத்து எஃகுதான். வித்தியாசம் உள்ளே கலந்திருக்கும் உலோகத்தில் இருக்கிறது. 304-ல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை மாங்கனீஸால் ஈடுகட்டுகிறார்கள். பாலிஷ் போட்டு நிறுத்தினால் இரண்டும் ஒன்று போலவே மின்னும். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும்போதுதான் குட்டு வெளிப்படும். எங்கள் வீட்டில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் வைத்த இடங்களில் பழுப்புப் பொட்டுகள் வந்துவிட்டன. துணியால் துடைத்தால் போகும், மறுவாரம் திரும்ப வரும்.

நேர்மையான சோதனை ஒன்று உண்டு. மாங்கனீஸைக் காட்டிக்கொடுக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, சிறிய பேட்டரியின் இணைப்பைக் கொடுத்தால், 201, 202 குழாயில் அந்தச் சொட்டு சிவந்துவிடும். 304-ல் அப்படிச் சிவக்காது. பிறகு வந்த இன்னொரு வெல்டர் எங்கள் கம்பியில் அதைச் செய்து காட்டினார். சொட்டு விட்ட சில நொடிகளில் சிவந்தது. கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் 304-ம் கறை பிடிக்கும், மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கள் என்றும் அவர் சொன்னார்.

சரி, துருவாவது கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டு விஷயங்கள் அதைவிட மோசம்.

நாங்கள் கேட்டது நேர்க்குத்தாக நிற்கும் கம்பிகள். பேசும்போது தலையை ஆட்டியவர், நாங்கள் வேலைக்குப் போயிருந்த நாளில் வந்து படுக்கைவாட்டில் ஐந்து குழாய்களைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார். கேட்டதற்கு, "இப்ப எல்லாரும் இதுதான்க்கா போடறாங்க. உக்காந்து பாத்தா வெளிய அழகா தெரியும்" என்றார். அழகாகத்தான் தெரிந்தது. நாங்களும் விட்டுவிட்டோம். மூன்றாவது வாரம் நான் துணி எடுக்கப் போனபோது மகள் இரண்டாவது குழாயில் இரண்டு காலையும் வைத்து, மேல் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பொறுத்தவரை அது ஏணி. படுக்கைவாட்டுக் கம்பி எந்தக் குழந்தைக்கும் ஏணிதான். ஆஸ்திரேலியாவில் கட்டட விதியே இதைத் தடுக்கிறது. கீழே 4 மீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால், தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் முதல் 760 மில்லிமீட்டர் உயரம் வரை குழந்தை கால் வைத்து ஏறும்படி எதுவும் இருக்கக் கூடாது. பூந்தொட்டி, மடக்கு நாற்காலி, பழைய பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கம்பியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டால் அளந்ததற்கு அர்த்தமே இல்லை.

இடைவெளியை நான் அதற்கு முன் அளந்ததே இல்லை. டேப் வைத்துப் பார்த்தேன், 16 சென்டிமீட்டர். அமெரிக்கா, பிரிட்டன் உட்படப் பல நாடுகளின் விதிப்படி சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை எந்தச் சந்திலும் புகக் கூடாது. சின்னக் குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிது. காலை நீட்டிச் சந்துக்குள் நுழைந்தால் உடம்பு வெளியே போய்விடும், தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. உங்கள் வீட்டுக் கம்பியை இன்றைக்கே அளந்து பாருங்கள். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்தை மறந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் அளவு தப்பும்.

மூடியைத் தூக்கிய கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கால்மிதியை உதறி மேல் குழாயில் போட்டார். ஓரக் கம்பம் மெல்ல அசைந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும். கையால் தள்ளினார், திரும்ப அசைந்தது. அப்புறம்தான் கத்தியைக் கொண்டுவந்து மூடியைத் தூக்கினோம். இருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை ஸ்பேனர் இல்லாமல், விரலாலேயே திருகி வெளியே எடுத்துவிட்டார். என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. அதன் மரையில் ஒட்டியிருந்தது வெள்ளை டைல்ஸ் தூளும் மணலும். காங்கிரீட்டின் சாம்பல் பொடி துளிகூட இல்லை. டைல்ஸ், அதற்குக் கீழே தரையைச் சமப்படுத்தப் போட்ட கலவை இரண்டும் சேர்ந்தாலே இரண்டு அங்குலம் வந்துவிடும். போல்ட் அந்தக் கலவையிலேயே நின்றுவிட்டது. கம்பத்தைத் தாங்க வேண்டிய காங்கிரீட்டை அது தொடவே இல்லை. பெரியவர் ஒருவர் முழுப் பாரத்தோடு சாய்ந்திருந்தால் கம்பம் அப்படியே பெயர்ந்திருக்கும்.

போன் செய்தோம். முதல் நாள், "குழந்தை புடிச்சு நிக்கிறதுக்கு இது தாராளம்க்கா" என்றார். மறுநாள், நாங்கள்தான் ஆட்டி ஆட்டி லூஸ் ஆக்கிவிட்டோம் என்றார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் "எஸ்எஸ் பைப் வேலை, மொத்தம்" என்று ஒரே வரி. எந்த ரகம், குழாயின் கனம் எவ்வளவு, என்ன போல்ட், எதுவும் இல்லை. வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். வாயால் சொன்ன 304-ஐ வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

ஆகவே எழுதி வாங்குங்கள். ரகத்தின் எண், குழாயின் கனம் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். "16 கேஜ், 18 கேஜ்" என்று சொன்னாலும் அதை மில்லிமீட்டராக மாற்றி எழுதச் சொல்லுங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிசாகும். பெரிய எண் கெட்டியானது என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. கம்பி நேர்க்குத்தா படுக்கையா, இடைவெளி எவ்வளவு, ஒரு கம்பத்துக்கு எத்தனை போல்ட், காங்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம், இதெல்லாம் அதே தாளில் வரட்டும். மூடி போடுவதற்கு முன் ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையை அதற்கு அப்புறம் கொடுங்கள். கோபித்துக்கொள்பவர் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் கம்பியை முழுக்கக் கழற்றி வேறு போட வேண்டியதாயிற்று. இரண்டாவதாக வந்தவரின் வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டிரில் டைல்ஸைத் தாண்டும்போது வெள்ளைத் தூள் வந்தது, கலவையில் மணலாக வந்தது, காங்கிரீட்டைத் தொட்டதும் சத்தமே மாறியது, தூள் சாம்பல் நிறமானது. அதற்குப் பிறகும் ஆழமாக இறக்கினார். ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளித்தான் துளை போட்டார், விளிம்பை ஒட்டிப் போட்டால் போல்ட்டை முறுக்கும்போது காங்கிரீட் சில்லு பெயர்ந்துவிடுமாம். துளைக்குள் பசை விட்டு போல்ட்டை நிறுத்தும் முறை இது. பசை விடுவதற்கு முன் துளையைப் பிரஷ்ஷால் தேய்த்து, தூளை ஊதி, திரும்பவும் தேய்த்து ஊதினார். தூள் மிச்சம் இருந்தால் பசை காங்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடிக்கும் என்றார். அவரிடம் நான் எதையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, தானாகவே காட்டிக்கொண்டு வந்தார்.

இவ்வளவு பட்ட பிறகும் அதே வருடத்தில் இன்னொரு முறை ஏமாந்தோம். படகில் போகலாம் என்று மகளுக்கு மிதவைச் சட்டை வாங்கப் போனோம். கடைக்காரர் அதன் ஃபோமை இரண்டு விரலால் அமுக்கிக் காட்டினார். "எவ்வளவு திக்கா இருக்கு பாருங்க. இது ஒண்ணு போதும், குழந்தை முங்கவே முங்காது." அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றதற்கு, "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரும்" என்றார். காந்தத்துக்குப் பதில் இங்கே விரல். விற்பவரே தேர்ந்தெடுத்துக் காட்டும் சோதனையை நம்பாதே என்று நான் அதற்குள் கற்றிருக்க வேண்டும்.

நல்லவேளை, படகுக்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். நான் அவளைப் பிடித்தபடிதான் இருந்தேன். தண்ணீரில் விட்டதும் சட்டை மட்டும் மேலே எழும்பிக் காதை மூடியது, அவள் முகவாய் உள்ளே இறங்கியது. உதடு தண்ணீரைத் தொட்டதும் வாரித் தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்புற லேபிளைப் படித்தால், பொடி எழுத்தில், நீச்சல் பழகும்போது பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும், இது உயிர் காக்கும் சாதனம் அல்ல என்று இருந்தது.

நீச்சல் பழகும் சட்டை வேறு, லைஃப் ஜாக்கெட் வேறு. லேபிளில் ஐஎஸ்ஓ 12402 என்ற தர எண்ணைத் தேடுங்கள். அதிலும் மிதக்க வைக்கும் திறனைக் குறிக்கும் நிலைகளில் 50 என்பது, நீந்தத் தெரிந்து, கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கானது. நினைவு தப்பியவரைப் புரட்டி முகத்தை மேலே கொண்டுவரும் என்று அதை நம்ப முடியாது. நீந்தத் தெரியாத குழந்தைக்கு 100 அல்லது அதற்கு மேற்பட்ட நிலைதான் வேண்டும். தலையைத் தாங்கும் காலர், மேலே நழுவாமல் பிடிக்கும் கால் இடுக்கு வார் இரண்டும் அவசியம். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், லேபிளில் உள்ள எடை வரம்புக்குள் உங்கள் குழந்தையின் எடை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வாரையும் இறுக்கி மாட்டிய பிறகு, தோள்பட்டையில் சட்டையைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். முகவாய்க்கோ காதுக்கோ ஏறினால் அது பெரிது. கடையிலேயே இதைச் செய்துவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.

திருப்பிக் கொடுக்கப் போனோம். நனைத்த பொருளை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சில நாள் மூலையில் கிடந்தது. ஒரு நாள் அதன் வார்கள் எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஃபோமையும் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டிருந்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பிள்ளைக்கு மாட்டிவிட்டிருப்பார்கள்.