இரவானால் அழிக்கப்படும் லேப்: ஓப்பன்ஸ்டாக் நிர்வாகப் பயிற்சி, முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பின்

பல சர்வர்களை ஒன்றிணைத்துச் சொந்தக் கிளவுடாக்கும் திறந்த மூல மென்பொருள் ஓப்பன்ஸ்டாக். பெரம்பூர் பக்கம் நடக்கும் அதன் நிர்வாகப் பயிற்சிக்குக் கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கிறார்கள். செய்தியைப் பார்த்ததும் வியாசர்பாடியிலிருந்து கல்லூரி ஜூனியர் ஒருவர், "அண்ணே, இப்ப சேர்ந்துடலாமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். அதே பயிற்சியை முடித்து, அதைக் காட்டியே வேலை வாங்கி, சில ஆண்டுகளாக ஒரு நிறுவனம் தனக்கென மட்டும் வைத்திருக்கும் தனியார் கிளவுடைப் பராமரித்து வருகிறேன். அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே வைக்கிறேன். கீஸ்டோன் என்ன செய்யும், நோவா என்ன செய்யும் என்பதையெல்லாம் ஓரிரு சொற்களில் மட்டும் சொல்லி, விரிவான விளக்கத்தைத் தவிர்க்கிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது. இந்தப் பயிற்சியில் நான் கற்ற விதம் இன்றுவரை சோறு போடுகிறது. பல இடங்களில், எல்லாவற்றையும் தானாக நிறுவித் தரும் டெவ்ஸ்டாக்கை ஓடவிட்டு, ஹொரைசன் என்னும் இணையத் திரையில் நாலு பொத்தான்களை அழுத்தச் சொல்லி, சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இங்கே பயிற்றுநர் அதற்கு இடமே தரவில்லை. மரியாடிபி (தரவுதளம்), ராபிட்எம்க்யூ (சேவைகளுக்கிடையேயான செய்தி வரிசை) தொடங்கி, கீஸ்டோன் (பயனர் அடையாளச் சரிபார்ப்பு), கிளான்ஸ் (இமேஜ்கள் எனும் மூல வட்டுப் பிரதிகளின் சேமிப்பு), பிளேஸ்மென்ட் (எந்த சர்வரில் எவ்வளவு இடம் என்ற கணக்கு), நோவா (மெய்நிகர் கணினிகளான வி.எம்.களை இயக்குவது), நியூட்ரான் (நெட்வொர்க்) என ஒவ்வொன்றையும் அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் நிறுவ வைத்தார். வி.எம்.களை ஓட்டுவதற்காகப் புதிதாகச் சேர்த்த கம்ப்யூட் சர்வர் சேவைப் பட்டியலில் உயிரோடு இருப்பதாகக் காட்டியும் அதில் ஒரு வி.எம்.கூட ஏறாமல் நின்றபோது, நோவா தன் சர்வர்களைத் தொகுத்து வைக்கும் செல் பதிவில் அந்த சர்வரைக் கண்டறிந்து சேர்க்கும் கட்டளை தனியாக இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. லாகை (சேவைகள் எழுதிவைக்கும் செயல்பதிவை) படித்து நாங்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார்.

அவர் வேண்டுமென்றே உடைத்து வைத்த ஒரு சிக்கலை மட்டும் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். இருவேறு சர்வர்களில் இரண்டு வி.எம்.கள் ஓடின. ஒன்றிலிருந்து மற்றதற்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங் போனது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். மட்டும், இணைப்பு ஏற்பட்டதாகக் காட்டிவிட்டு, சாவிப் பரிமாற்றக் கட்டத்தில் அப்படியே உறைந்து நின்றது. வி.எம்.முக்கான அனுமதி விதிகளான செக்யூரிட்டி குரூப்பில் எஸ்.எஸ்.எச்.சுக்கான 22ஆம் போர்ட் திறந்தே இருந்தது, ஃபயர்வாலிலும் கோளாறு இல்லை. வகுப்பு முழுவதும் தவித்துக்கொண்டிருக்க, பிங் கட்டளையில் பாக்கெட்டின் அளவைக் குறிப்பிட்டு, அதை வழியில் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பிப் பாருங்கள் என்று ஒரே ஒரு குறிப்பு தந்தார். 1422 பைட் வரை போனது. 1423 போகவில்லை. தலைப்புப் பகுதிகளுக்கான 28 பைட்டைச் சேர்த்தால் 1450. வழக்கமான எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பான 1500இல், வி.எம்.மின் பாக்கெட்டைச் சர்வர்களுக்கிடையே சுமக்கும் வி.எக்ஸ்.லான் உறைக்கு 50 பைட் போய்விடுகிறது, மீதி 1450தான் என்பது கரும்பலகையில் எழுதாமலே எல்லோருக்கும் விளங்கிற்று. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வழியாக நியூட்ரான் அறிவிக்கும் எம்.டி.யூ. மதிப்பைக் கண்டுகொள்ளாமல் 1500 என்றே வைத்துக்கொள்ளும் ஓர் இமேஜை அவர் தயாரித்து வைத்திருந்தார். சிறிய பாக்கெட்டுகள் தப்பிப் போயின, பெரியவை ஓசையின்றி விழுந்தன. வேலைக்கு வந்த பிறகு இதே நோயை வேறு வேறு வேஷங்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் பிடித்திருக்கிறேன்.

இதையெல்லாம் அவர் தமிழில் நடத்தினார் என்பதும், வடசென்னையில் நடத்தினார் என்பதும் எனக்குப் பெரிய விஷயங்கள். இப்படிப்பட்ட படிப்பென்றால் வேளச்சேரிக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போயாக வேண்டும் என்பதே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் நிலை. தண்டையார்பேட்டையிலிருந்தும் எம்.கே.பி. நகரிலிருந்தும் வந்த பாலிடெக்னிக் மாணவர்கள், ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய கேள்விகளை இங்கே துணிந்து கேட்டார்கள். அந்தக் கேள்விகளால் வகுப்பின் தரம் உயர்ந்தது.

இனி என் குறைக்கு வருகிறேன். அது ஒன்றே ஒன்றுதான், ஆனால் இத்தனை ஆண்டுகளாகியும் ஆறவில்லை. அந்த லேபை ஒவ்வொரு இரவும் அழித்துவிடுவார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லா சர்வர்களும் முன்பே சேமித்து வைத்த நிலைக்கு, அதாவது பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, திருப்பப்படும். அடுத்த வகுப்பில் உட்கார்ந்தால், அன்றைய பாடத்துக்குத் தேவையான அளவுக்கு யாரோ நிறுவி வைத்த, மாசு மறுவற்ற கிளவுட் ஒன்று காத்திருக்கும். நாங்கள் நிறுவியதும் கெடுத்ததும் அரைகுறையாகச் சரிசெய்ததும் போய்விட்டிருக்கும். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி வர முடியாமல் போனவர்களுக்கோ, பாதியில் விட்ட பயிற்சியைத் தொடரக்கூட வழி இருக்காது. தினமும் காலையில் புது வண்டியைக் கையில் கொடுத்து, மெக்கானிக் வேலை கற்றுக்கொள் என்று சொல்வதைப் போன்றது இது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஒரு கிளவுடை நிறுவுவதற்கும் நிர்வகிப்பதற்கும் உள்ள தூரம் முழுவதும் அந்த இரவுகளில்தான் இருக்கிறது. வகுப்பில் 'நோ வேலிட் ஹோஸ்ட் வாஸ் ஃபவுண்ட்' (தகுந்த சர்வர் கிடைக்கவில்லை) என்ற பிழை வந்தால் காரணம் எப்போதும் எளிதாக இருக்கும்: ஃபிளேவரில் (வி.எம்.மின் அளவு வகையில்) கேட்ட நினைவகம் எந்த சர்வரிலும் இல்லை, சிறிய ஃபிளேவரைப் போட்டால் தீர்ந்தது. வேலையில் அதே பிழை வந்தபோது, ஒரு சர்வர் கிட்டத்தட்டக் காலியாகவே கிடந்தது. வி.எம்.களை ஓட்டும் ஹைப்பர்வைசரில் வி.எம்.கள் இல்லை, நினைவகம் இருக்கிறது, நோவா சேவையும் உயிரோடு இருக்கிறது, ஆனாலும் வி.எம்.முக்கு சர்வரைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதோ பாதியில் அறுந்துபோன வி.எம். இடமாற்றங்களின் ஒதுக்கீட்டுக் கணக்குகள் பிளேஸ்மென்ட் தரவுதளத்தில் அப்படியே தங்கியிருந்தன. கணக்குப்படி அந்த சர்வர் நிரம்பி வழிந்தது. இப்படி உரிமையாளர் இல்லாமல் நிற்கும் ஒதுக்கீடுகளைத் தேடிக் காட்டவும், கேட்டால் நீக்கவும், நோவா-மேனேஜ் கருவியிலேயே தணிக்கைக் கட்டளை இருக்கிறது. அன்றுதான் அதன் பெயரையே கேள்விப்பட்டேன். பயிற்சியில் அது வராததற்குப் பயிற்றுநரின் அறிவுக்குறைவு காரணமில்லை. ஒரே நாள் வாழும் கிளவுடில் அனாதைக் கணக்குகள் சேர்வதற்கு நேரமே கிடையாது.

லாகுகள் வட்டை நிறைப்பது, கிளான்ஸில் பழைய இமேஜ்கள் குவிவது, நீக்கச் சொன்ன சிண்டர் வால்யூம் (வி.எம்.முக்கான தனி வட்டு) 'டெலிட்டிங்' நிலையிலேயே நின்றுவிடுவது, கீஸ்டோனின் நுழைவு டோக்கன்களைக் குறியாக்கும் ஃபெர்னெட் சாவிகளைச் சுழற்ற மறந்த கிளவுடை வாரிசாகப் பெறுவது எல்லாம் இந்த வகைதான். ஸ்விட்ச் ஒன்றை மறுதொடக்கம் செய்ததில் ராபிட்எம்க்யூ கிளஸ்டர் இரண்டாகப் பிளந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட் சேவைகளை 'டவுன்' என்று காட்டியதையும் பார்த்தேன். சேவைகள் 10 விநாடிக்கு ஒருமுறை தாம் இருப்பதை அந்தச் செய்தி வரிசை வழியாகத்தான் தெரிவிக்கின்றன, 60 விநாடி தகவல் இல்லையென்றால் செத்ததாகக் கணக்கு என்ற இயல்புநிலை மதிப்புகள் வகுப்புக் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றின் பொருளைத்தான் நான் வேறோர் இடத்தில், பயனர்களின் வி.எம்.களைப் பணயம் வைத்துக் கற்க வேண்டியதாயிற்று.

மேம்படுத்தலோ பாடத்தில் இருந்தும் இல்லாதது போலத்தான். 2010இல் ராக்ஸ்பேஸும் நாசாவும் சேர்ந்து தொடங்கிய இந்தத் திட்டம் ஆண்டுக்கு இரண்டு வெளியீடுகள் தருகிறது. 2023.1 வெளியீடு முதல், ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வெளியீடுகளுக்கிடையே நேரடியாகத் தாவலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடும் கிளவுடை நிறுத்தாமல் அடுத்த பதிப்புக்கு நகர்த்துவது நிர்வாகியின் முதன்மையான கடமை. பயிற்சியில் இதை ஸ்லைடில் காட்டினார்கள். பழைய தரவு ஏதும் இல்லாத, அன்று காலை பிறந்த கிளவுடை மேம்படுத்திக் காட்டுவதில் கற்பதற்கு ஏதுமில்லை என்று அவர்களே உணர்ந்திருக்க வேண்டும்.

அவர்கள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். அதே சர்வர்களில் காலையில் ஓர் அணி, மாலையில் ஓர் அணி, ஒருவர் கெடுத்து வைத்ததை அடுத்தவர் மேல் சுமத்த முடியாது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அணிக்கும் தனி வட்டுப் பிரதிகளை வைத்து, அடிப்படை இமேஜின் மேல் மாறுதல்களை மட்டும் சேமிக்க க்யூகவ்2 என்னும் வட்டுக் கோப்பு வடிவத்துக்கு முடியும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தாம். அதுவும் இயலாதென்றால், பயிற்சிக்காலம் முழுவதும் அணைக்காமல் ஓடும் பொதுக் கிளவுட் ஒன்றை மூலையில் வைத்து, அதன் பராமரிப்பை மாணவர்கள் முறைவைத்துப் பார்க்கச் செய்திருக்கலாம். இதை நேரிலும் எழுத்திலும் சொன்னேன். கட்டணம் குறைந்திருக்கிறது, இரவு அழிப்பு தொடர்கிறது என்று இப்போது படித்து வரும் ஒருவர் உறுதிப்படுத்தினார்.

2023 நவம்பரில் பிராட்காம், மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை வாங்கி உரிமக் கட்டண முறையை மாற்றியதிலிருந்து, ஓப்பன்ஸ்டாக்கின் பக்கம் திரும்பிப் பார்க்கும் நிறுவனங்கள் பல. அவை நிறுவித் தரும் ஆட்களைவிட, பழைய கிளவுடைக் கட்டிக் காக்கும் ஆட்களையே தேடுகின்றன. அதனால், இவ்வளவு புகழ்ந்த பிறகும், ஜூனியருக்கு இப்போது சேர வேண்டாம் என்றே எழுதினேன்.

அந்தப் பணத்தில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்று வாங்கலாம். ஓப்பன்ஸ்டாக்கை நிறுவித் தரும் கருவியான கோல்லா-ஆன்சிபிளின் ஒற்றை சர்வர் நிறுவலுக்கு 8 ஜி.பி. நினைவகம், 40 ஜி.பி. வட்டு, இரண்டு நெட்வொர்க் இடைமுகங்கள் குறைந்தபட்சத் தேவை. நிம்மதியாக வேலை செய்ய 32 ஜி.பி. இருக்கட்டும். வாங்குமுன் பிராசஸரில் மெய்நிகராக்க வசதி இருப்பதையும் பயாஸில் அது இயக்கப்பட்டிருப்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். நிறுவியபின் ஒரு மேம்படுத்தலைத் தாண்டும்வரை அதை அழிக்கக் கூடாது. பயிற்றுநரின் அருமை தெரிந்தே இதைச் சொல்கிறேன், எம்.டி.யூ. போன்ற பாடங்களைத் தனியாகக் கற்க மாதங்கள் ஆகலாம். ஆகவே பணம் கட்டும் எண்ணம் இன்னும் இருந்தால், 'சனிக்கிழமை நான் நிறுவிய கிளவுட் அடுத்த சனிக்கிழமையும் அங்கே இருக்குமா?' என்று அலுவலகத்தில் கேட்கட்டும். இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால், பழைய கட்டணமே கேட்டாலும் அன்றே சேர்ந்துவிடலாம்.