கெக்கோவுக்குத் தினமும் தீனியா, நாள் விட்டு நாளா?

கும்பகோணத்தில் என் வீட்டில் லெப்பர்ட் கெக்கோ என்கிற வளர்ப்புப் பல்லி ஒன்று இருக்கிறது. மன்னார்குடியில் அக்கா மகனிடம் இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், விரல் நீளக் குட்டிகளாக வாங்கினோம். ஒன்றரை வருடம் கழித்து, போன தை மாதம் அவன் தன்னுடையதை டப்பாவில் போட்டு எடுத்துவந்தான். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். அவனுடையது 94 கிராம், என்னுடையது 63.

"பாத்தீங்களா மாமா, நீங்க பட்டினி போடுறீங்க" என்றான்.

வாலைப் பாருடா என்றேன். இந்த வகைப் பல்லிக்கு வால்தான் நெற்குதிர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறைநிலத்து உயிர், கிடைக்கிறபோது தின்று கொழுப்பை வாலில் சேர்த்துவைக்கும். வால் கழுத்தளவு பருமன் இருந்தால் போதும். அவனுடையதன் வால் தலையைவிட அகலம். முன்னங்கால் அக்குளில் இரண்டு பக்கமும் பட்டாணி மாதிரி கொழுப்பு உப்பியிருந்தது. நன்றாக வளர்ந்த கெக்கோவே பொதுவாக 45 முதல் 80 கிராம்தான் இருக்கும்.

அவன் முறை எளிது. தினமும் சாயங்காலம், அது போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை போடுவான். நான் நாள் விட்டு நாள் மாதிரி, வாரத்துக்கு மூன்று முறை, எண்ணிப் போடுகிறவன். ஆனால் குட்டியாக இருந்தபோது அவன் செய்ததுதான் சரி, நான் செய்தது தப்பு. பெரியதற்கான கணக்கைப் படித்துவிட்டு இரண்டு மாதக் குட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் காயப்போட்டேன். இடுப்பெலும்பு தெரிந்தது, வால் பென்சில் மாதிரி ஆனது. அவன்தான் போனில் திட்டினான். ஆறு மாதம்வரை தினமும் ஐந்தாறு சின்னப் பூச்சி கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு வயதுவரை நாள் விட்டு நாள். ஒரு வயது தாண்டினால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒரு வேளைக்கு ஐந்து முதல் எட்டுப் பூச்சி. அவன் சறுக்கியது இந்தக் கடைசிப் படியில். குட்டிக் கணக்கை நிறுத்தவே இல்லை.

வயிறு நிறையும்வரை போடுவதற்கும் எண்ணிப் போடுவதற்கும் நடுவில் எனக்குச் சந்தேகமே இல்லை, எண்ணுவதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம். வாசலில் நிற்பவரையே "சாப்பிட்டாச்சா" என்று கேட்டு இலை போடுகிற கை, எட்டாவது புழுவோடு நிற்காது.

சிலர் வழவழப்பான கிண்ணத்தில் மீல்வார்ம் புழுவைப் போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போனால் வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை தின்றது என்று தெரியாது. புழு மேல் தூவிய கால்சியம் பொடியும் சற்று நேரத்தில் உதிர்ந்துவிடும். கால்சியம் குறைந்தால் எலும்பு இளகும், தாடை வளையும். குட்டிக்கு ஒவ்வொரு வேளையும், பெரியதற்கு ஒரு வேளை விட்டு ஒரு வேளை தூவுகிறேன். இடுக்கியில் கொடுத்தால் பொடியோடு வாய்க்குள் போகும்.

சரி, எதைக் கொடுப்பது? மீல்வார்ம் கோதுமைத் தவிட்டில் தானாகப் பெருகும், சத்தம் கிடையாது, நாற்றமும் குறைவு. கொழுப்புதான் கூடுதல். சுவர்க்கோழியில் கொழுப்பு குறைவு, ஓடவைத்துப் பிடிக்கவைக்கும். ஆனால் தப்பித்து அலமாரிக்குப் பின்னால் போய் ராத்திரி முழுக்கக் கத்தும், தொட்டியிலேயே விட்டால் தூங்கும் கெக்கோவைக் கடிக்கவும் செய்யும். நான் வாரத்தில் இரண்டு முறை சுவர்க்கோழி, ஒரு முறை புழு என்று வைத்திருக்கிறேன். எதுவானாலும் அளவு முக்கியம். கெக்கோவின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். முதல் நாள் இரவே அந்தப் பூச்சிகளுக்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் போட்டுவிடுவேன். அவை தின்பதுதான் கடைசியில் கெக்கோவுக்குப் போய்ச் சேர்கிறது.

வயல் வெட்டுக்கிளி இலவசம்தானே என்று பலர் கேட்கிறார்கள். குறுவை நட்டதும் வரப்பில் ஒரு கைக்கு பத்து கிடைக்கும். அதே வயலில் போன வாரம் என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம். மின்மினி அதைவிட மோசம். அமெரிக்காவில் மின்மினியைத் தின்ற வளர்ப்புப் பல்லிகள் செத்திருக்கின்றன. நம் ஊர் மின்மினியை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கணக்கு சூடு. இதற்குத் தின்றது செரிக்க வயிற்றுக்கு அடியில் 31, 32 டிகிரி வேண்டும். சித்திரையில் அது தானாகக் கிடைக்கும், கூடிவிடாமல் பார்ப்பதுதான் வேலை. மார்கழி ராத்திரியில் ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கிற, கரண்டில் சூடாகும் விரிப்பு) இல்லாமல் நடக்காது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாளில் கரண்ட் போய்விட்டால் தீனியை நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்த வயிற்றில் போனது செரிக்காமல் கிடக்கும், கக்கிவிடும். 2018 கஜா புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் மன்னார்குடி, அங்கே இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. வளர்ந்த கெக்கோ வாலை வைத்து ஒரு வாரம் தாங்கும். கரண்ட் வந்து, தரை சூடேறி, ஒரு நாள் கழித்துப் போட்டால் போதும்.

இப்போது அவனும் வாரத்துக்கு இரண்டு முறை, ஆறு பூச்சி என்று மாறிவிட்டான். மூன்று மாதத்தில் 86 கிராமுக்கு வந்தது. அதற்கப்புறம் இறங்கவே இல்லை. டப்பாவில் புழுக் கணக்கும் உதைத்தது. போன ஞாயிறு அங்கே போயிருந்தபோது, அவன் கடைக்குக் கிளம்பியதும் அக்கா இடுக்கியை எடுத்தாள். நான் பார்த்துவிட்டேன்.

"வாயில்லா ஜீவன்டா தம்பி, கண்ணாடியில வந்து ஒட்டிகிட்டு என்னையே பாக்குது. ரெண்டே ரெண்டுதான்."