விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு நகரம்: மைசூரா, சென்னையா?

எங்கள் கல்லூரி ஜூன் நடுவில் ஒரு திங்கட்கிழமை திறந்தது. அதற்கு முந்தைய சில நாட்களில் ஏதாவது ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே திருச்சி விடுதிக்குத் திரும்பிவிடுவது என்று தோழிகள் நால்வரும் பேசி வைத்திருந்தோம். மைசூர், சென்னை என்ற இரண்டு பெயர்கள் கடைசிவரை நின்றன. சென்னைக்குப் போனோம். மைசூருக்கு நான் முந்தைய ஆண்டுதான் அக்கா குடும்பத்துடன் போய் வந்திருந்தேன் என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. நடுநிலை என்று பாவனை செய்ய விருப்பமில்லை. என் ஓட்டு சென்னைக்குத்தான்.

கொச்சியும் முதலில் பேச்சில் இருந்தது. ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்குவது ஏறக்குறைய ஜூன் முதல் தேதியில். குடையைப் பிடித்துக்கொண்டு ஃபோர்ட் கொச்சித் தெருக்களில் நடப்பது சிலருக்குப் பிடிக்கும். ஈரத் துணி மூட்டையுடன் விடுதிக்குள் நுழைவது எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெயிலைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்துவிட்டால் மாலையில் இதமாக இருக்கும். சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிந்தபிறகும் வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு; போதாததற்குக் கடலோரப் புழுக்கம் வேறு. "இந்த வெயிலில் யாராவது சென்னைக்குப் போவார்களா?" என்று அம்மா கேட்டதில் தப்பில்லை. வெயில் அறவே ஆகாதவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டு மைசூருக்கு டிக்கெட் எடுக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்களிலும் மைசூர் இளைத்ததல்ல. பழைய அரண்மனை 1897இல் தீக்கிரையானபின் ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1912இல் கட்டி முடிக்கப்பட்ட அம்பா விலாஸ் அரண்மனைக்காக மட்டுமே ஒருமுறை போகலாம். அதன் கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிக் கூரை முழுவதும் மயில்கள். அப்புறம் சாமுண்டி மலை, பாதிப் படிக்கட்டில் ஒற்றைக்கல் நந்தி, தேவராஜா மார்க்கெட்டில் கூம்பு கூம்பாகக் குவித்திருக்கும் குங்குமம். பக்கத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம். திருச்சியில் படிப்பவர்களுக்கு அது ஒரு தனிக் கவர்ச்சி: அங்கேயும் காவிரி இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவு, தீவில் பள்ளிகொண்ட அரங்கன். வைணவ மரபு அதை ஆதிரங்கம் என்கிறது. எல்லாம் கைக்கெட்டும் தூரம். நகரமும் அலையவிடாது.

சென்னை அலையவிடும். அதை ஒப்புக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி, பத்தரை மணிக்கு மேல் நான்கு மணி வரை தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும் என்பது. காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், மாட வீதிகள், அங்கிருந்து சாந்தோம். கோயில் எப்படியும் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் காலைப்பொழுதை அதற்குக் கொடுப்பதில் நட்டமில்லை. மதியத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகம், இன்னொரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். மாலையில் கடற்கரை. நூலகத்தைச் சுற்றுலாத் தலமாக யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒன்பது தளங்கள், குளிரூட்டிய கூடங்கள், கட்டணம் கிடையாது. ஜூன் மாத மதியத்தில் மாணவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1851இல் தொடங்கியது. அங்குள்ள வெண்கலப் படிமக் கூடத்துக்கு வெயிலுக்கு ஒதுங்கப் போய், மூடும் நேரம் வரை இருந்துவிட்டோம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால்தான் அதிக நேரம். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் உமைக்கு ஒரே கை. ஒரு தொடையில் ஆடை பாதியோடு நிற்கிறது. மறுகாலில் கணுக்கால் வரை வழிகிறது. சிவனின் கீழ்க்கை எதன்மீதோ சாய்ந்திருக்கும் பாவனையில் இருக்கிறது, ஆனால் கீழே ஒன்றும் இல்லை. அங்கே இருக்க வேண்டிய காளை இல்லாமல்போய்விட்டது. இல்லாத காளையின் உயரத்தை அந்தக் கையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் எங்களில் கட்டடவியல் படிக்கும் ஒருத்தி. காவிரி முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து கிடைத்த படிமத்தைப் பார்க்கத் திருச்சியிலிருந்து எழும்பூருக்கு வர வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அது வேறு கதை. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. செயிண்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இருக்கும் இடம் அது. மைசூரில் இந்தச் சங்கடம் செவ்வாய்க்கிழமைக்கு. மிருகக்காட்சிசாலை அன்று திறக்காது.

இடையில் ஒரு செய்தி. மைசூர் அரண்மனையைக் கட்டிய அதே இர்வினின் கைவண்ணம் சென்னையிலும் இருக்கிறது. அருங்காட்சியக வளாகத்துச் சிவப்புக் கட்டடமும், நாங்கள் ரயில் ஏறிய எழும்பூர் நிலையமும் அவர் வடிவமைப்பில் உருவானவை. மயில் கூரை கிடையாதுதான்.

செலவில் ஒரு விஷயம் பெண்களுக்கு மட்டும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊர், முகவரி எதுவும் கேட்பதில்லை. சென்னையில் முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பஸ் வந்தால் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறது, ஆனால் அந்த மாநிலத்தவருக்கு மட்டும். மைசூரில் சாமுண்டி மலை பஸ்ஸில் அக்கா ஆதாரை நீட்டியபோது நடத்துனர் அதைத் திருப்பிப் பின்பக்க முகவரியைப் பார்த்தார், சிரித்தார், டிக்கெட்டைக் கிழித்தார். பெரிய தொகையில்லை. ஆனாலும் நாள் முழுவதும் ஏறி இறங்கும்போது கூடிக்கொண்டே போகும். சென்னையில் மின்சார ரயிலும் ஐந்து, பத்து ரூபாயில் முடிந்துவிடுகிறது. மைசூரில் நாங்கள் உறவினர் வீட்டில் தங்கினோம், சென்னையில் தோழியின் சித்தி வீட்டில். ஆகவே விடுதி அறை வாடகை எந்த ஊரில் மலிவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதுவரை சொன்னதை எல்லாம் தராசில் வைத்தால் மைசூர்ப் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். தட்டு புரண்டது திரும்பும் பயணத்தில்.

சுற்றுலா போகிறவர்கள் போகும் டிக்கெட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கல்லூரி திறப்புக்கு முந்தைய நாள் திரும்ப வேண்டியவர்கள் பார்க்க வேண்டியது மறுபாதியை. கையில் ஒரு பயணப் பை மட்டும் இருக்காது. ஓர் ஆண்டுக்கான மூட்டை முடிச்சு இருக்கும்: போர்வை, வாளி, புத்தகம், அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய், முறுக்கு டப்பா. எங்கள் விடுதியில் இரவு எட்டரைக்கு வாசற்கதவு சாத்திவிடுவார்கள். அதற்குள் வந்தால் உண்டு, இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் முதல் வகுப்பிலேயே வருகைப் பதிவு. ஆக, ஞாயிறு மாலைக்குள் வாசலைத் தொட வேண்டும்; தவறினால் திங்கள் காலை ஆறு ஆறரைக்குத் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்வதுதான் ஆகப்பெரிய தொல்லை.

மைசூரிலிருந்து திருச்சிக்கு நேராக வருவது என்றால் நாள்தோறும் மாலையில் கிளம்பிப் பெங்களூரு, சேலம், ஈரோடு, கரூர் வழியாக விடியற்காலையில் திருச்சியைத் தொடும் ரயில். மயிலாடுதுறை வண்டி என்று எல்லோரும் சொல்வார்கள்; இப்போது கடலூர் வரை போகிறது. நேரம் நமக்குத் தோதானதுதான். ஆனால் நம்பியிருக்க அது ஒன்றுதான் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்கும் அதே வண்டி. அதில் இடம் கிடைக்காவிட்டால் மைசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு பயணம், அங்கே மைசூர் சாலையில் இறங்கி, தமிழ்நாட்டுப் பஸ்கள் புறப்படும் சாந்திநகருக்கு வாளியும் மூட்டையுமாக ஒரு பயணம், பிறகு இரவு பஸ். இணையத்தில் எடுத்த காத்திருப்புப் பட்டியல் டிக்கெட், பயணிகள் பட்டியல் தயாராகும்போது உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வேறு வழி தேட வேண்டியிருக்கும். மைசூரில் தேடுவதற்கு அதிகம் இல்லை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளும் முழுதாக, வெகுநேரம் எரிவது ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும்தான், இரவு ஏழு மணிக்கு. திங்கட்கிழமை வகுப்பில் இருக்க வேண்டியவர்கள் ஞாயிறு மாலை அந்த ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கு ஏற்றும்போது நீங்கள் பெங்களூரை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். போன ஆண்டு நான் அந்த விளக்குகளைப் பார்த்தேன். ஒரே நொடியில் மொத்தக் கோபுரமும் பற்றிக்கொள்வதைப் பார்க்காமல் மைசூருக்குப் போய் வருவது, கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது மாதிரி.

சென்னையின் நிலைமை நேர்மாறு. தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை விழுப்புரம் தாண்டித் திருச்சியைத் தொட்டுத்தான் போகின்றன. பிற்பகலில் வைகை, அதன்பின் பல்லவன், மாலையிலிருந்து நள்ளிரவு வரை வரிசையாக இரவு வண்டிகள், கடைசியில் திருச்சிக்காகவே விடும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். பகல் வண்டிகளில் முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். டிக்கெட்டில் புறப்படும் நிலையத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான சங்கதி, கூட்டம் ஓடும் திசை. சென்னையில் வெள்ளி மாலை ஊரே வெளியே ஓடும். ஞாயிறு மாலை அதே கூட்டம் தெற்கிலிருந்து சென்னைக்குத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை சென்னையை விட்டுக் கிளம்பும் மாணவர்கள் அந்த வெள்ளத்துக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். நாங்கள் பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்த்தோம், வைகையில் இடம் இருந்தது. பெங்களூரிலிருந்து வருவதற்கும் இதே நியாயம் ஓரளவு பொருந்தலாம். ஆனால் எதிர்த்திசையில் போக வண்டியும் வேண்டுமல்லவா?

பஸ் வேண்டாம் என்பேன். சென்னையில் தென்மாவட்டப் பஸ்கள் கிளம்பும் இடம் 2023 இறுதியில் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. திருச்சியிலும் 2025இலிருந்து பஞ்சப்பூரில் இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் நிலையங்கள் ஊருக்கு வெளியே நகர்ந்துவிட, இரண்டு பக்கமும் நகர்ப் பஸ் மாற வேண்டும். ரயில் நிலையங்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தனியார் சொகுசுப் பஸ்களில் நான் இந்த வழியில் வந்ததில்லை. அவை எப்படி என்று போய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் நாங்கள் ஒரே வண்டியில்கூடத் திரும்பவில்லை. நானும் கட்டடவியல்காரியும் வைகையில் வந்து, கதவு சாத்துவதற்குள் வார்டனின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மற்ற இருவரும் ஞாயிறு மாலையையும் மெரினாவில் சுண்டலோடு கழித்துவிட்டு மலைக்கோட்டையில் ஏறினார்கள். விடிவதற்கு முன் ஜங்ஷனில் இறங்கி, பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, முதல் நகர்ப் பஸ்ஸைப் பிடித்து, வாசல் திறக்கும்போது வந்து நின்றார்கள். முதல் வகுப்பில் ஒருத்தி தூங்கினாள் என்பது உண்மை. ஆனால் ஞாயிறு காலைதான் யார் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்தோம். இரண்டு ரயிலிலும் டிக்கெட் போட்டு, வேண்டாததை ரத்து செய்த வகையில் நூற்றுச் சொச்சம் ரூபாய் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கல்லூரி புதன்கிழமையோ வியாழக்கிழமையோ திறப்பதாக இருந்தால் நான் சொன்ன கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது சனிக்கிழமை மைசூர் போய், ஞாயிறு இரவு அரண்மனை வாசலில் நின்று விளக்குகளைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சேர்த்துக்கொண்டு செவ்வாய் மாலை ரயில் ஏறுங்கள். முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் திறக்கிறது. திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, பிறகு போகும் டிக்கெட்டைப் பாருங்கள்.